பல்லுக்கு ஒரு காலேஜ் கட்டியவர்: டாக்டர் ரஃபியுதீன் அகமது



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நம்ம திருப்பூருக்கும் கல்கத்தாவுக்கும் என்னங்க சம்பந்தம்? பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள் உடனே பதில் சொல்லிடுவாங்க. இந்தியாவில் பின்னலாடைத் தொழில் முதலில் வேர் பிடிச்சது கல்கத்தாவில்தான். அங்கே ஓடிக்கொண்டிருந்த பின்னல் மெஷின்களைப் பார்த்துவிட்டுத்தான் 1925 வாக்கில் குலாம் காதர் இங்கே முதல் பனியன் யூனிட்டைப் போட்டார். இது நம்ம ஊர் வரலாறு, பெரியவங்க நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்போம்.

அதே கல்கத்தாவில், அதே வருடங்களில், இன்னொரு ஆளும் ஒரு புதுத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை. பல் டாக்டருக்குப் படிக்கிறவங்க எல்லோருக்கும் இவரைத் தெரியும். இன்ஜினியரிங் படிக்கிற நமக்குத்தான் தெரியாது. எனக்கும் போன செமஸ்டர் வரைக்கும் தெரியாது.

தெரிஞ்சுக்க வேண்டி வந்த காரணத்தை முதல்ல சொல்லிடறேன்.

எங்கப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டைலர். பீஸ் ரேட். தைச்சாத்தான் காசு. அவருக்குக் கீழ்த் தாடையில் ஒரு கடவாய்ப் பல் ரெண்டு வருஷமா வலிச்சுட்டு இருந்தது. வலிக்கும்போது கிராம்பு வைப்பார், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவார், மறுபக்கமா மென்னு சாப்பிடுவார். டாக்டர்கிட்ட போகலாம்னு அம்மா சொன்னா, அரை ஷிப்ட் போயிடும்னு தள்ளிப் போட்டுடுவார். போன தீபாவளிக்கு முன்னாடி, ஷிப்மென்ட் நெருக்கத்தில், ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி வாயே திறக்க முடியல. காய்ச்சல் வேற. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். பல் வேரில் பிடிச்ச சீழ் தாடைக்குக் கீழே இறங்கிடுச்சு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூச்சுக்கே ஆபத்துன்னு சொன்னாங்க. நாலு நாள் பெட்டில் இருந்தார். ரெண்டு பல்லை எடுத்தாங்க. ஆரம்பத்திலேயே வந்திருந்தா அரை மணி நேரத்தில் அடைச்சு அனுப்பியிருக்கலாம்னு அந்த டாக்டர் சொன்னதுதான் மனசுல நின்னுடுச்சு.

அந்த நாலு நாள் வராந்தாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தபோது கிடைத்தவர்தான் ரஃபியுதீன் அகமது. படிக்கப் படிக்க ஆச்சரியமா இருந்தது. இனி அவர் கதை.

டாக்கா பக்கத்துப் பையன்

1890 டிசம்பர் 24 அன்று, இன்றைய வங்கதேசத்தில் டாக்கா பக்கம் இருக்கும் பர்தன்பாரா என்ற ஊரில் பிறந்தார் அகமது. அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். பெரிய குடும்பம், நிறையப் பிள்ளைகள். டாக்காவில் பள்ளிப் படிப்பு. அப்புறம் வட இந்தியாவில் அலிகர். இப்போது பல்கலைக்கழகமாக இருக்கும் அந்த நிறுவனம் அப்போது வெறும் கல்லூரிதான். 1908-ல் அங்கே படிப்பை முடித்தார்.

அந்தக் காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பையன் மேல்படிப்புக்குக் கப்பல் ஏறினால் லண்டன்தான் போவான். பாரிஸ்டர் ஆவான், இல்லை ஐ.சி.எஸ். எழுதுவான். அகமது 1909-ல் போனது அமெரிக்காவுக்கு. அங்கே அயோவா பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தது பல் மருத்துவம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். அன்றைக்கு இந்தியாவில் பல் மருத்துவம் என்று ஒரு படிப்பே கிடையாது. பல் வலி வந்தால் நாவிதர் பிடுங்குவார், இல்லாவிட்டால் சந்தையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் ஆள் பிடுங்குவார். வெள்ளைக்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டும் பெரிய நகரங்களில் வெளிநாட்டில் படித்த சில பல் மருத்துவர்கள் இருந்தார்கள். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு நல்லது என்று பழமொழி வைத்திருந்த நம்ம ஊரிலும் இதே நிலைமைதான். பல்லை விளக்கத் தெரியும், கெட்டுப்போனால் பிடுங்கத் தெரியும். நடுவில் என்ன செய்யலாம் என்று யாருக்கும் தெரியாது. அந்த நடுப்பகுதியைப் படிக்கத்தான் 18 வயசுப் பையன் ஒருவன் பாதி உலகம் தாண்டிப் போனான்.

பாஸ்டனில் பார்த்த ஆஸ்பத்திரி

1915-ல் டி.டி.எஸ். பட்டம் வாங்கினார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலேயே தங்கி, 1918 வரை பாஸ்டன் நகரத்தில் ஃபோர்சித் குழந்தைகள் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தார்.

ஃபோர்சித் மருத்துவமனை 1914-ல் திறக்கப்பட்டது. ரப்பர் தொழிலில் சம்பாதித்த ஒரு குடும்பம், ஏழைக் குழந்தைகளின் பல்லுக்காகவே கட்டிக் கொடுத்த இடம் அது. வலி வந்த பிறகு பிடுங்கி அனுப்புவது அங்கே நோக்கம் இல்லை. வலி வருவதற்கு முன்பே குழந்தைகளின் வாயைப் பார்த்து, சுத்தம் செய்து, சின்னச் சின்ன ஓட்டைகளை அடைத்து அனுப்புவதுதான் வேலை. இன்றைக்கு நாம் ரெகுலர் செக்கப் என்று சொல்கிறோமே, அதை ஒரு நகரத்துப் பிள்ளைகளுக்கே செய்துகொண்டிருந்தார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது.

அங்கேயே இருந்திருந்தால் அகமது நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் 1919-ல் கல்கத்தா திரும்பிவிட்டார்.

சோடாக் கடைக் காசு

திரும்பி வந்த அடுத்த வருடமே, 1920-ல், கல்கத்தாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அரசாங்கம் பணம் தரவில்லை. ஜமீன்தார், மகாராஜா யாரையும் நம்பி அவர் உட்காரவும் இல்லை. பிறகு காசு எங்கிருந்து வந்தது?

சோடாக் கடையிலிருந்து!

ஆமாங்க. அமெரிக்காவில் சோடா ஃபவுண்டன் என்று ஒரு வகைக் கடை அப்போது ரொம்பப் பிரபலம். ஜில்லென்று கலர் சோடா, ஐஸ்கிரீம் எல்லாம் கிடைக்கும். அதே மாதிரி ஒரு கடையை நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் கல்கத்தாவில் திறந்தார். அதில் வந்த வருமானத்தில்தான் கல்லூரி நடந்தது. இனிப்புத் தண்ணி விற்ற காசில் பல்லுக்குக் கல்லூரி! இன்றைக்கு நம்ம டிபார்ட்மென்டில் ஸ்டார்ட்அப் ஐடியா சொல்லும் மச்சிகள் எல்லாம் இவருக்கு ஒரு சல்யூட் வைக்கணும். முதலீட்டாளரைத் தேடி அலையாமல், ஓடுகிற ஒரு தொழிலை வைத்து, ஓடாத ஒரு கனவை நடத்தியிருக்கிறார்.

ஓடாத கனவு என்று சும்மா சொல்லவில்லை. ஆரம்ப வருடங்களில் சேர்ந்த மாணவர்கள் கொஞ்சம் பேர்தான். பல்லைப் பிடுங்க எதுக்குப் படிப்பு என்று கேட்ட காலம் அது. பையனை டாக்டராக்கும் வசதி இருந்தவர்கள் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். ஆள் வரவில்லை என்று அகமது கடையைச் சாத்தவில்லை. ஆரம்பத்திலேயே இங்கே படித்தவர்களில் ஒருவர் ஃபாத்திமா ஜின்னா, முகமது அலி ஜின்னாவின் தங்கை. படிப்பை முடித்து 1923-ல் பம்பாயில் சொந்தமாகப் பல் க்ளினிக் திறந்தார். ஒரு பெண் பல் மருத்துவராகி, தனியாக க்ளினிக் வைத்தது 100 வருடத்துக்கு முன்னால் என்பதை நினைத்துப் பாருங்க.

கல்லூரி மட்டும் போதாது

கட்டடம் கட்டிவிட்டால் தொழில் வந்துவிடாது என்பது அகமதுவுக்குத் தெரிந்திருந்தது. 1925-ல் வங்காளப் பல் மருத்துவர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். அதே வருடம் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கி, 20 வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தார். நம்ம ஊரில் முதல் பனியன் மெஷின் ஓட ஆரம்பித்ததும் அந்த வருட வாக்கில்தான் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். 1928-ல் மாணவர்களுக்காகப் பல் சிகிச்சை பற்றி ஒரு கைப்புத்தகம் எழுதினார். புக் இல்லாமல் எப்படிப் பரீட்சை எழுதுவது? அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாததா!

அடுத்தது சட்டம். யார் வேண்டுமானாலும் குறடைக் கையில் எடுத்துக்கொண்டு பல் டாக்டர் என்று போர்டு மாட்டலாம் என்ற நிலைமை மாறாமல், படித்தவனுக்கும் மதிப்பு இல்லை, நோயாளிக்கும் பாதுகாப்பு இல்லை. 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்ததில் அவருடைய உழைப்பு பெரிது. அது நாடு முழுக்க வேண்டும் என்று தொடர்ந்து பாடுபட்டார். சுதந்திரம் கிடைத்த சில மாதங்களிலேயே, 1948-ல், இந்தியப் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. முறையாகப் படித்துப் பதிவு செய்தவர்தான் பல் மருத்துவம் பார்க்கலாம் என்ற ஏற்பாடு அதிலிருந்துதான். அடுத்த வருடம் பல் மருத்துவக் கவுன்சில் வந்தது.

இதே 1948-ல்தான் இ.எஸ்.ஐ. சட்டமும் வந்தது. தொழிலாளிக்கு வைத்திய வசதி வேண்டும் என்று ஒரு சட்டம், வைத்தியம் பார்ப்பவருக்குத் தகுதி வேண்டும் என்று இன்னொரு சட்டம். எங்கப்பா மணிபர்சில் அந்த இ.எஸ்.ஐ. கார்டு பல வருஷமா இருக்குது. பல்லுக்காக அதை ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

கட்டியதைக் கொடுத்தவர்

1949-ல் கல்லூரி கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சோடா விற்று, 30 வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த கல்லூரியை அகமது அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அது கொல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்ற அவர் பெயரிலேயே அரசுக் கல்லூரியாக நடக்கிறது. கல்லூரி வைத்து என்ன சம்பாதிக்கலாம் என்பதை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது நம்பவே கஷ்டமான விஷயம்.

நாடு பிரிந்தபோது அவர் பிறந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போனது. அவர் கல்கத்தாவிலேயே இருந்தார். 1950 முதல் 1962 வரை மேற்கு வங்க அமைச்சரவையில் இருந்தார். விவசாயம், கூட்டுறவு, அகதிகள் நிவாரணம், மறுவாழ்வு என்று கனமான துறைகள். அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்த அகதிகளுக்கு வழி செய்யும் பொறுப்பு, அந்தப் பக்கத்தில் பிறந்த இவர் கையில் இருந்தது.

1964-ல் பத்ம பூஷண் விருது. 1965-ல் காலமானார். அவருடைய பிறந்த நாளான டிசம்பர் 24-ஐ இந்தியப் பல் மருத்துவர்கள் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம்ம தமிழ்நாட்டுக்கு வந்தால், 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. இன்றைக்குக் கொங்கு நாட்டில் தாலுகாவுக்குத் தாலுகா பல் டாக்டர் போர்டு தொங்குகிறது என்றால், அந்த நூலின் முதல் கண்ணி 1920-ல் கல்கத்தாவில் விழுந்தது.

சரி, இப்போ நம்ம வாய்க்கு வருவோம்

அகமது வாழ்நாள் முழுக்கப் போராடியது எதற்காக? வலி வந்த பிறகு பிடுங்குவதற்கு இவ்வளவு படிப்பு தேவையில்லை. வலி வருவதற்கு முன் பார்க்கத்தான் படிப்பு வேணும். இதை நான் எங்கம்மாகிட்ட விளக்கின விதத்திலேயே உங்களுக்கும் சொல்றேன்.

எங்கம்மா செக்கிங் செக்‌ஷன். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி உடைஞ்சா துணியில் ஒரு கோடு விழும். மெஷின் நிக்காமல் ஓடிட்டே இருந்தா ரோல் முழுக்க அந்தக் கோடு போகும். முதல் மீட்டரிலேயே ஒருத்தர் பார்த்துட்டா, ஒரு ஊசியை மாத்தறதோட வேலை முடிஞ்சுது. பார்க்காமல் விட்டா ரோலே செகண்ட்ஸ்தான்.

பல்லும் இப்படித்தான். பல்லின் மேல் பூச்சு எனாமல். நம்ம உடம்பிலேயே ரொம்பக் கெட்டியான பொருள் அதுதான். ஆனால் அதில் நரம்பு கிடையாது. அங்கே ஓட்டை விழும்போது வலிக்கவே வலிக்காது. அடுத்த அடுக்குக்குப் போகும்போது கூச்சம். உள்ளே இருக்கிற நரம்புக்குப் போன பிறகுதான் வலி. அதாவது வலி என்பது முதல் அலாரம் இல்லை, கிட்டத்தட்டக் கடைசி அலாரம். அதுக்கு முன்னாடி கண்டுபிடிக்க ஒரே வழி, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வாயைத் திறந்து பார்க்கறதுதான்.

இன்னொரு விஷயம், டீ. இனிப்பு உள்ளே போனதும் பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதை அமிலமாக மாத்தும். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் அதைச் சரிபண்ண அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இப்போ கம்பெனி ஷிப்ட்டை நினைச்சுப் பாருங்க. பத்து மணி டீ, பன்னு, மூணு மணி டீ, வடை, ஆறு மணி டீ, ஓவர்டைம்னா எட்டரைக்கு இன்னொரு டீ. சரியாவதற்குள் அடுத்த டம்ளர். எவ்வளவு சர்க்கரை சாப்பிடறோம்கிறதை விட, எத்தனை தடவை சாப்பிடறோம்கிறதுதான் பல்லுக்கு முக்கியம். நம்ம ஹாஸ்டலில் எனர்ஜி டிரிங்க் குடிச்சுட்டே அரியர் படிக்கிறவங்களுக்கும் இதே கணக்குத்தான்.

ஈறு நோய்க்கும் பெரும்பாலும் வலி இருக்காது. விளக்கும்போது ரத்தம் வரும், அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு அது இன்னும் மோசமாகும், அது முத்தினால் சர்க்கரையும் கட்டுப்படாது. தூக்கம் வராமல் இருக்க நைட் ஷிப்ட்டில் புகையிலை, பாக்கு போடறவங்க நம்ம பக்கத்து லைன் வீட்டிலேயே இருக்காங்க. வாயில் வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம், இதெல்லாம் இருந்தால் உடனே காட்டணும். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்கும் வாய்ப்பு பல் டாக்டருக்குத்தான் அதிகம். ஏன்னா வாயை முழுசாத் திறந்து பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால் காலையிலும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் விளக்குங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டுங்க. பல் நல்லா இருந்தா, அடுத்து எப்போ வரணும்னு டாக்டரே சொல்லிடுவார். காசு பிரச்சினைன்னா அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு எந்த நேரம்னு விசாரிங்க. வீட்டில் இ.எஸ்.ஐ. கார்டு இருந்தா, பல்லுக்கு எங்கே அனுப்புவாங்கன்னு டிஸ்பென்சரியில் கேளுங்க. கேட்கறதுக்குக் காசு இல்லைங்க.

நம்ம காலேஜில் போன மாசம் பல் கேம்ப் போட்டப்போ, வரிசையில் நின்ன முக்கால்வாசிப் பேர் கிளாஸ் கட் அடிக்கத்தான் வந்தாங்க. நானும்தான். எனக்கு ஒரு வலியும் இல்லை. பார்த்தா மேல் கடவாயில் ரெண்டு ஓட்டை. சின்னதா இருந்ததால் ரெண்டே சிட்டிங், அடைச்சாச்சு. எங்கப்பாவுக்கு நாலு நாளும் ரெண்டு பல்லும் போன அதே விஷயம், எனக்கு ஒரு கிளாஸோட முடிஞ்சுது.

எங்கம்மா ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீஸ் செக் பண்றாங்கன்னு அவங்களுக்கே கணக்கு இல்லை. அவங்க பல்லை 46 வருஷத்தில் யாரும் ஒரு தடவைகூட செக் பண்ணினது இல்லை. வர்ற ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். லீவு நாள், ஷிப்ட் போகாது, அதனால சரின்னுட்டாங்க.

உங்க வீட்டில் யாரைக் கூட்டிட்டுப் போகணும்னு உங்களுக்கே தெரியும். டிசம்பர் 24 வர்றப்போ, சோடா வித்து நமக்கு ஒரு தொழிலைக் கட்டிக் கொடுத்த அந்த டாக்டரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. ஆனா செக்கப்புக்கு அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்.